ஜமாலுக்கு, ஆராய்ச்சியாளர் செல்வராசு எழுதுவது

லப்பைக்குடிக்காட்டு மண்ணுக்குள் யாரிடமும் வம்பிழுக்காமல் படுத்திருக்கிற என் ஆசை மச்சான் ஜமாலுக்கு,

முதலில் ஒரு சேதி. பன்னிரண்டாவதில் கணக்கில் ஃபெயிலான உன் மாப்ள இப்போது ஆராய்ச்சியாளர். நானாகச் சொல்லிக்கொள்ளவில்லை. என் பொண்ணு கயல் படிக்கிற காலேஜ் நூலகத்தில், பெற்றோர் எல்லாரையும் உட்கார வைத்துவிட்டு, நூலகர் மேடம் மைக்கைப் பிடித்துக் கேட்டார்: "ஆராய்ச்சியாளர் செல்வராசுன்னு ஒருத்தர். அவர் யாருன்னு இங்க யாருக்காவது தெரியுமா?"

பேரைக் கூப்பிட்டால் எழுந்து நிற்பது பள்ளிக்கூடத்துப் பழக்கம். அதில் மட்டும்தான் நான் என்றைக்கும் ஃபெயிலானதில்லை. நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டேன். எழுந்த பிறகுதான் கேள்வி என்னவென்று மண்டையில் ஏறியது. வேட்டியைச் சரி செய்கிற மாதிரி நாலு பக்கமும் இழுத்துவிட்டு உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த பாடாலூர்க்காரர் மெதுவாக, "என்னங்க, மூட்டைப்பூச்சியா?" என்றார். ஆமாங்க, நல்லாக் கடிக்குது என்றேன். பாவம், அவரும் எழுந்து தன் நாற்காலியைத் தட்டிப் பார்த்துக்கொண்டார்.

நீ இருந்திருந்தால் உருண்டு சிரித்திருப்பாய். ஆனால் இந்தக் கடிதம் சிரிக்க வைக்க எழுதுவது அல்ல, மச்சான். அன்றைக்கு உன் பேரில் ஒரு காரியம் செய்துவிட்டு வந்திருக்கிறேன். அதைச் சொல்லத்தான் சுற்றிச் சுற்றி வருகிறேன்.

நீ போய் ரெண்டு வருசம் ஆகிறது. கடை அப்படியேதான் இருக்கிறது. காலேஜ் கேட்டுக்கு எதிரே, அதே இடம். 'ஜமால் ஜெராக்ஸ்' போர்டை மாற்றவில்லை. சிமென்ட் லாரி போகும்போதெல்லாம் மிஷின் மேல் ஒரு படலம் தூசி, அதை நான் உன் பழைய துபாய் பனியனால் துடைக்கிறேன். கயல் இப்போது நம் கடைக்கு எதிரே அதே காலேஜில் முதல் வருசம், பி.ஏ. வரலாறு. காலையில் என் வண்டியில் வந்து இறங்கி, கேட்டுக்குள் போகும்வரை என்னைத் தெரியாத மாதிரி நடந்துகொள்கிறாள்.

நம் கடையின் 'ரெடிமேட் தாள்' ஞாபகம் இருக்கிறதா? புதுசாகச் சேருகிற பிள்ளைகள் வந்து, அண்ணே, மழைநீர் சேகரிப்பு ரெண்டு பக்கம், எய்ட்ஸ் விழிப்புணர்வு ரெண்டு பக்கம் என்று இட்லி கேட்கிற மாதிரி கேட்பார்கள். நெட்டில் முதலில் வருவதை எடுத்து ஒட்டி, எழுத்தைப் பெரிசாக்கி, பிரின்ட் போட்டுக் கொடுப்போம். அவர்கள் பேரை எழுதிக் கொடுத்துவிடுவார்கள். வாங்குகிற சாரும் படிப்பதில்லை, கொடுக்கிற பிள்ளையும் படிப்பதில்லை, அடித்துக் கொடுக்கிற நானும் படித்ததில்லை. எல்லாருக்கும் நிம்மதி.

அதில் 'நம்ம மாவட்டத்துக் கல்' என்கிற தாள் மட்டும் ஒன்றரைப் பக்கத்தில் நின்றுவிட்டது. அரியலூர் சுண்ணாம்புக் கல், குவாரி, ஒரு காலத்தில் இங்கே கடல் இருந்தது, அதோடு சரி. மீதி அரைப் பக்கத்துக்குச் சரக்கில்லை. அப்போதுதான் குன்னம் பக்கம் ஏரியை ஆழப்படுத்தும்போது ஜேசிபியில் உருண்டை உருண்டையாகக் கல் வந்தது. டைனோசர் முட்டை என்று ஊரே போய்ப் பார்த்தது. நானும் போய் ஒன்றை வண்டியில் கட்டிக்கொண்டு வந்தேன். அந்த உற்சாகத்தில் ஒரு பத்தியை நானே அடித்துவிட்டேன். இவை டைனோசர் முட்டைகள் என்றும், நம் முன்னோர் இவற்றைத் தலைமுறை தலைமுறையாகக் குழவிக்கல்லாக வைத்து மாவாட்டினார்கள் என்றும்.

நீ டீயை வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாய். "யாரு சொன்னான்னு இல்லாம மொட்டையா நிக்குது மாப்ள, ஒரு பேரைப் போடு" என்றாய். 'என்கிறார் ஆராய்ச்சியாளர் செல்வராசு' என்று நான் சேர்த்தேன். டீ உன் மூக்கு வழியாக வந்தது. அதற்கப்புறம் ஒரு மாசம் என்னை டாக்டரே, டாக்டரே என்றுதான் கூப்பிட்டாய். பிறகு ரெண்டு பேருமே மறந்துபோனோம். தாள் மறக்கவில்லை. வருசா வருசம் புதுப் பிள்ளைகள் கையில் காலேஜுக்குள் போய்க்கொண்டே இருந்தது.

இந்த வருசம் வந்திருக்கிற நூலகர் மேடம் தாளைப் படிக்கிற ஜாதி. முதல் வருசப் பிள்ளைகளுக்கு ஒரு பரீட்சை வைத்தார். தகவல் தேடும் திறன் மதிப்பீடு என்று பெயர். பாடத்தில் இருந்து கேள்வி கிடையாது. உனக்கு ஒரு சேதி வேணும்னா எங்கே தேடுவே, யார் சொன்னா நம்புவே, ரெண்டு பேர் ரெண்டு விதமா சொன்னா என்ன பண்ணுவே, இந்த மாதிரி. நல்லா எழுதுகிறவர்களை 'நூலக மாணவர் குழு'வில் சேர்ப்பார்கள். சுத்துப்பட்டுப் பள்ளிக்கூடங்களுக்குப் போய் மற்ற பிள்ளைகளுக்கு இதையெல்லாம் அவர்கள்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும். அது தவிர நூலகக் கம்ப்யூட்டரில் சாயங்காலம் வரைக்கும் உட்காரலாம்.

கயலுக்கு அந்தக் குழுவில் சேருவதுதான் ஆசை. வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை. கடைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தால் ஐந்து நிமிசத்துக்கு ஒருத்தன் ஆதார் கார்டோடு வந்து எழுப்பிவிடுகிறான். என் போனைக் கொடுத்தால் நடுவில் என் பெண்டாட்டியின், அதாவது உன் தங்கச்சியின், அக்கா கூப்பிட்டு ஒரு மணி நேரம் பேசுகிறாள். குழுவில் சேர்ந்துவிட்டால் முதல் நாள் போட்டுக்கொள்ள என்று ஒரு சுடிதாரை இஸ்திரி போட்டு எடுத்து வைத்திருந்தாள். பரீட்சை நல்லா எழுதியிருக்கேன்ப்பா என்றும் சொன்னாள்.

மேடம் என்ன செய்திருக்கிறார் தெரியுமா? பரீட்சைக்கு முன்னால் ஒரு தரம் கல்லைப் பற்றி எழுதச் சொன்னதற்குப் பாதி வகுப்பு ஆராய்ச்சியாளர் செல்வராசைக் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தியிருக்கிறது. பார்த்தார், அந்தப் பத்தியையே பரீட்சையில் கேள்வியாக வைத்துவிட்டார். இந்தத் தகவல் நம்பத்தகுந்ததா, எப்படி முடிவு செய்தீர்கள் என்று.

பெற்றோர் கூட்டம் முடிந்ததும் என்னையும் கயலையும் தன் மேசைக்குக் கூப்பிட்டார். உங்க பொண்ணு மற்ற எல்லாக் கேள்விக்கும் நான் எதிர்பார்த்ததைவிட நல்லா எழுதியிருக்கா, இது ஒண்ணுதான் எனக்குப் புரியலைங்க என்று விடைத்தாளைத் திருப்பி வைத்தார். நான் கண்ணாடி கொண்டுபோகவில்லை. அவரே படித்தார்.

"நம்பத்தகுந்தது. எழுதியவரை எனக்கு நேரில் தெரியும். அவர் பொய் சொல்ல மாட்டார்."

கயல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஏன் அப்படி எழுதினாள் என்று மேடத்துக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். ஏரியிலிருந்து நான் கொண்டுவந்த கல்லைக் கதவு அடிக்காமல் இருக்க முட்டுக் கொடுத்து வைத்தேனே, அதை டைனோசர் முட்டை என்றுதான் அவளுக்குச் சொன்னேன். அப்போது அவள் பள்ளிக்கூடப் பிள்ளை. துண்டைப் போர்த்தி வைத்து, குஞ்சு எப்பப்பா வரும் என்று கேட்டாள். மழைக்காலம் முடியட்டும் என்றேன். வளர்ந்த பிறகு குஞ்சு வராது என்று அவளுக்கே தெரிந்துவிட்டது. ஆனால் முட்டை இல்லை என்று நான் எப்போது சொன்னேன்? சொல்லவே இல்லையே.

மேடம் என்னைப் பார்த்து, "இந்தத் தாள் உங்க கடையில இருந்து வருதுன்னு பசங்க சொல்றாங்க. செல்வராசுன்னா நீங்கதானா?" என்றார்.

ஜமாலு, ஆமாங்க என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? என் மகள் நான் பொய் சொல்ல மாட்டேன் என்று எழுதி வைத்த தாள் மேசையில் கிடக்கிறது. நான் வாயைத் திறந்தேன்.

"பேரு என் பேருதாங்க மேடம். ஆனா அதை அடிச்சது எங்க பார்ட்னர் ஜமாலு. விளையாட்டுக்கு என் பேரைப் போட்டுட்டாரு. இப்ப அவரு இல்லீங்க, தவறிட்டாரு."

மேடத்தின் முகம் அப்படியே இளகிவிட்டது. ஐயோ, தெரியாமக் கேட்டுட்டேங்க என்றார். அதற்கு மேல் ஒரு கேள்வி இல்லை. இறந்தவன் பேரைச் சொன்னால் அங்கேயே விசாரணை முடிந்துவிடுகிறது, பார்த்தாயா. நீ உயிரோடு இருக்கும்போதுகூட உன்னை நான் இவ்வளவு சுலபமாக ஒரு வேலைக்கு அனுப்பியதில்லை.

வண்டியில் திரும்பி வரும்போது கயல் என் தோளைப் பிடிக்காமல் உட்கார்ந்திருந்தாள். பின்னால் ஆள் இருக்கிறதா என்று ரெண்டு தரம் கண்ணாடியில் பார்த்துக்கொண்டேன். பை-பாஸ் தாண்டியதும் என் காதுக்குப் பக்கத்தில் சத்தம் வந்தது.

"ஜமால் மாமாவுக்குத் தமிழ் டைப்பிங்கே தெரியாதேப்பா."

ஆமாம். உனக்கு இங்கிலீசும் கொஞ்சம் அரபியும்தான் வரும். தமிழில் உன் பேரை அடிக்கவே என்னைத்தான் கூப்பிடுவாய். அவளுக்குத் தெரியாதா? பள்ளிக்கூடம் விட்டு வந்து நம் கடையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிய பிள்ளை. நல்லவேளையாக ஒரு சிமென்ட் லாரி ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. அது போகும்வரை காது கேட்காதவன் மாதிரி ஓட்டினேன். லாரி போன பிறகும் அவள் இருந்தாள்.

"அப்ப, அந்த முட்டை?"

நான் ஆக்ஸிலேட்டரை முறுக்கினேன். வீடு வந்ததும் நேராகக் கதவுக்குப் போய், அந்தக் கல்லைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அதைத் துணிக்கடைப் பையில் போட்டு, வாங்கப்பா, அரியலூர் மியூசியத்துல காட்டிக் கேப்போம் என்றாள். என்னால் மாட்டேன் என்று எப்படிச் சொல்ல முடியும்? பஸ்ஸில் கல்லை எனக்குப் பக்கத்துச் சீட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கண்டக்டர், என்னங்க பூசணிக்காயா என்றார். முட்டை என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது, மச்சான். கயல் என்னைப் பார்த்தாள். கல்லுங்க என்றேன். கல்லுக்கு எதுக்குங்க சீட்டு, கீழே வைங்க, ஆளு உட்காரட்டும் என்றார். அதுவரைக்கும் எங்கள் வீட்டில் அதற்குத் தனி மரியாதை இருந்தது.

மியூசியத்தில் இருந்தவர் கையில் வாங்கி உருட்டிப் பார்த்தார், எங்கே கிடைத்தது என்று கேட்டார். அப்புறம் நிதானமாகச் சொன்னார். இங்கே கடல் இருந்த காலத்தில் அடியில் எதையாவது சுற்றிச் சேறு படிந்து படிந்து இறுகி இப்படி உருண்டை ஆகிவிடுமாம். உள்ளே சங்கு, நத்தை ஓடு இருந்தாலும் இருக்கும், ஒன்றும் இல்லாமலும் இருக்கும். இந்தப் பக்கம் நிஜ முட்டை கிடைத்ததும் உண்டுதான், ஆனால் அது வேற இடம், வேற மாதிரி. ஏரியில் கிடக்கிற உருண்டை எல்லாம் முட்டை ஆகிவிடாது சார் என்று சிரித்தார்.

கயல் சிரிக்கவில்லை. இதை எங்கே படிச்சுத் தெரிஞ்சுக்கலாம் சார், யார் எழுதினது என்று கேட்டாள். அவர் சுவரில் இருந்த விளக்கப் பலகையைக் காட்டினார். அவள் படம் எடுத்தாள், அடியில் பொடி எழுத்தில் எங்கிருந்து எடுத்தது என்று போட்டிருந்த வரிக்குத் தனியாக ஒரு படம் எடுத்தாள். அதற்கப்புறம் நூலகத்திலும் போய் இன்னொரு புத்தகத்தில் ஒப்பிட்டுப் பார்க்கணும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நான் பக்கத்தில் காலிப் பையோடு நின்றேன். அவள் சரிபார்த்துக்கொண்டிருந்தது கல்லை மட்டும்தானா என்று எனக்குத் தெரியவில்லை.

உன் தங்கச்சிக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. "போன மனுசன் தலையில கொண்டுபோய்க் கட்டிட்டு வந்திருக்கீங்களே, உங்களுக்கே நல்லாருக்கா?" என்றாள். அன்றைக்குச் சோறு போட்டாள், குழம்பு ஊற்ற மறந்த மாதிரி உள்ளே போய்விட்டாள். நானும் கேட்கவில்லை.

மறுநாள் கடையைத் திறக்காமல் லப்பைக்குடிக்காட்டுக்கு உன் வீட்டுக்குப் போனேன். உன் வீட்டுக்காரி நூர்ஜகான் தங்கச்சியிடம் உட்கார்ந்து முழுசாகச் சொன்னேன். திட்டும் என்று நினைத்துத்தான் போனேன். தங்கச்சி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சிரித்தது. "இதுக்கா அண்ணே மூஞ்சியைத் தூக்கிட்டு வந்திருக்கீங்க? அவுக இருந்திருந்தா, ஆமா நாந்தான் அடிச்சேன்னு அவுகளே ஏத்துக்கிட்டிருப்பாக."

திட்டியிருக்கலாம், ஜமாலு. நீ அப்படித்தான் சொல்லியிருப்பாய் என்று எனக்கும் தெரியும். அதனால்தான் தைரியமாக உன் பேரைச் சொன்னேனோ?

அங்கிருந்து நேராக நூலகம். மேடத்திடம், அடித்தது நான்தான், பேரைப் போட்டதும் நான்தான், ஜமாலுக்குத் தமிழ் அடிக்கவே வராது, பிள்ளை என்னை நம்பி எழுதிவிட்டது, மார்க்கை என் கணக்கில் கழித்துக்கொள்ளுங்கள், அவளைக் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். ஊர் எல்லையில் போலீசிடம் லைசென்ஸ் இல்லாமல் மாட்டினவன் மாதிரிதான் நின்றேன்.

மேடம் கோபப்படவில்லை. உட்காருங்க என்றார். மார்க்கு அவள் எழுதியதுக்குத்தான், நீங்கள் செய்ததுக்கு இல்லை, அதனால் மாற்ற முடியாது என்றார். குழுவில் மிச்சமிருந்த கடைசி இடத்துக்கு அரும்பாவூரில் இருந்து வருகிற ஒரு பெண்ணை எடுத்துவிட்டார்களாம். அந்தப் பிள்ளை அந்தக் கேள்விக்கு, இந்த ஆராய்ச்சியாளர் பெயரை எங்கேயும் காணோம், அதனால் நம்ப முடியாது என்று ஒரே வரியில் எழுதியிருக்கிறது. கயல் அடுத்த வருசம் புதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மறுபடி எழுதட்டும் என்றார்.

எழுந்து கிளம்பும்போது ஒன்று சொன்னார். "நெட்டுல வர்றதைச் சந்தேகப்பட எல்லாப் பிள்ளைங்களும் சீக்கிரம் கத்துக்குதுங்க. உங்க பொண்ணும் எல்லா இடத்துலயும் சரியாத்தான் சந்தேகப்பட்டிருக்கா. ஒரே ஒரு ஆள்கிட்ட மட்டும் அவளுக்குச் சந்தேகம் வரலைங்க."

வீட்டுக்கு வந்து கயலிடம், சொல்லிட்டேம்மா, ஆனா இடம் போச்சு என்றேன். தெரியும்ப்பா, காலையிலயே பேர் ஒட்டிட்டாங்க என்றாள். அழவில்லை. இஸ்திரி போட்டு வைத்திருந்த சுடிதாரை எடுத்து மற்ற துணிகளோடு அடுக்கில் வைத்தாள். பிறகு என்னிடம் வந்து, இனிமே நீங்க சொன்னாலும் ஒரு தரம் பாத்துக்குவேன்ப்பா, தப்பா எடுத்துக்காதீங்க என்றாள். சண்டை போடுகிற குரல் இல்லை. பெரிய மனுஷி குரல். அது எப்போது வந்தது, அந்தக் குரல்? நீ கேட்டிருக்கிறாயா?

கடையில் அந்தப் பத்தியை அழித்துவிட்டேன். கல் தாள் மறுபடி ஒன்றரைப் பக்கம் ஆகிவிட்டது. ரெண்டு பக்கம் கேட்டாங்களேண்ணே என்று பிள்ளைகள் நிற்கிறார்கள். மீதியை நீங்களே தேடி எழுதுங்கடா, எதிர்லயே நூலகம் இருக்கு என்கிறேன். சில பேர் போகிறார்கள். நிறைய பேர் பக்கத்துக் கடைக்குப் போகிறார்கள். அங்கே ரெண்டரைப் பக்கம் கிடைக்கிறதாம். யார் எழுதினது என்று கேட்டேன், தெரியலண்ணே என்கிறார்கள்.

உனக்கு ஒரு வாக்கு தருகிறேன், மச்சான். என் தப்பைத் தூக்க இனி உன்னைக் கூப்பிட மாட்டேன். பேச முடியாதவனிடம் வேலை சொல்வது எவ்வளவு கேவலம் என்று தெரிந்துகொண்டேன். அடுத்த வருசம் கயல் மறுபடி அந்தப் பரீட்சை எழுதும்போது அவள் அப்பனைத் தப்பு என்று எழுத வேண்டி வந்தால் எழுதட்டும். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள மாட்டேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. மேடத்திடம் சொல்லவில்லை, நூர்ஜகான் தங்கச்சியிடம் சொல்லவில்லை, உன் தங்கச்சியிடம் சொன்னால் சோறும் போடமாட்டாள். கயலிடம் சொல்ல எனக்கு வாயே இல்லை. அன்றைக்கு அந்த மேசையில், அவள் ஆசைப்பட்ட இடத்தைக் கெடுத்த அந்த வரியை, அவர் பொய் சொல்ல மாட்டார் என்பதை, மேடம் படித்தாரே, அப்போது எனக்குச் சந்தோசமாக இருந்தது, ஜமாலு.

உன் மாப்ள,
கயலின் அப்பன்,
செல்வராசு